ஊரை நடந்து அளந்த பேராசிரியர்

எம்டன் என்னும் சொல்லை அறியாத தமிழர் குறைவு. துணிச்சலும் சூழ்ச்சியும் நிறைந்த ஒருவனைக் கண்டால் அவன் பெரிய எம்டன் என்று சொல்லும் வழக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இன்றும் உண்டு. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு பொழிந்துவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. இக்கதை யாவரும் அறிந்தது. அதே கப்பல் அடுத்த மாதம் மினிக்காய்த் தீவுக்கு அருகே கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலையும் கடலில் ஆழ்த்தியது. இதனைப் பலர் அறியார். அந்தச் சரக்குக் கப்பலில் வந்தவற்றுள் ஒன்று பொன்னும் அன்று, பீரங்கியும் அன்று. அது ஒரு பொருட்காட்சி. உலகத்து நகரங்களின் படங்களும், தெருப் படங்களும், பழைய வரைபடங்களும் பெட்டி பெட்டியாகக் கட்டப்பட்டுச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தன. பல்லாண்டுகள் அரும்பாடுபட்டு அவற்றைத் திரட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பேராசிரியர் பேட்ரிக் கெடிஸ். அவர் வேறொரு கப்பலில் முன்னரே வந்து சேர்ந்திருந்தார். வாழ்நாள் உழைப்பு கடலடியில் கிடந்தது.

மற்றொருவராயிருந்தால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். கெடிஸ் திரும்பவில்லை. தாய்நாட்டில் இருந்த நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் ஓடியாடிப் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபத்தில் அந்தப் பொருட்காட்சி நடந்தே தீர்ந்தது!

இத்தகைய ஒருவரைப் பற்றி நம் மன்ற மலரில் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எவ்வாறு எழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிறிது வெட்கத்துக்குரிய கதை.

நான் நகரமைப்பும் போக்குவரத்தும் பயிலும் மாணவன். மக்கள்தொகை பெருகினால், வயல்கள் வீட்டுமனைகளாக மாறினால், சாலைகளில் செல்லும் பயணங்கள் எவ்வாறு மாறும் என்பதைக் கணிப்பொறியில் நடத்திப் பார்ப்பது எங்கள் பாடங்களுள் ஒன்று. உண்மையான ஊரை வைத்துச் சோதனை செய்ய இயலாது. ஆதலால் எண்களால் ஒரு பொய்யூரைக் கட்டி, அதில் மக்களை நடமாட விட்டுப் பார்க்கிறோம். பயிற்சிக்காக ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் எங்கள் பகுதியை எடுத்துக்கொண்டேன். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு அது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம். அரசு கேரள அரசு. வீட்டில் பேசுவது தமிழ்.

கணிப்பொறி விடை தந்தது. எங்கள் ஊர் மக்கள் அனைவரும் காலையில் எழுந்து மேற்கே பாலக்காட்டுக்குச் செல்கிறார்கள் என்றது. அந்தப் பயணங்களைத் தாங்குவதற்கு ஓர் அகன்ற நேர்ச்சாலை வேண்டும் என்றது. நானும் அளவுகோலை வைத்து வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தேன். அழகிய கோடு. பத்து நிமிடம் மிச்சம். விடுமுறையில் அந்தப் படத்தை ஊருக்கு எடுத்துச் சென்று பெருமையுடன் விரித்தேன். அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, நாம் எப்போதடா பாலக்காட்டுக்குப் போனோம், துணி எடுப்பது கோயம்புத்தூர், மாடு பிடிப்பது பொள்ளாச்சி அல்லவா என்று கேட்டார். அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கும்போதே, அருகில் நின்ற அத்தை கோட்டின்மேல் விரலை வைத்து, இது எங்கள் தெரு அல்லவா என்றார்.

ஆம், அத்தையின் தெருதான். நான் பிறந்தது முதல் ஓடி விளையாடிய தெரு. என் கையால் இழுத்த கோடு அத்தை வீட்டுத் திண்ணையின்மீது சென்றிருந்தது. இழுக்கும்போது நான் அதைக் காணவில்லை.

ஊர் திரும்பிய பின், இப்படி ஒரு பிழை என்னால் எப்படி நேர்ந்தது என்று நூலகத்தில் துருவிக்கொண்டிருந்தபோதுதான் கெடிஸ் இந்தியாவில் எழுதிய அறிக்கைகளின் தொகுப்பு ஒன்று கைக்கு எட்டியது. ஜாக்குலின் டிர்விட் என்ற அம்மையார் தொகுத்து 1947-இல் வெளியிட்ட நூல். ஓரிரவில் படித்து முடித்தேன். என் பிழையை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் நம் நகராட்சிப் பொறியாளர்களின் வரைபடங்களில் கண்டு வருந்தியிருக்கிறார்! அவர் வாழ்க்கையை அறியும் ஆவல் அப்போது பிறந்தது.

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை படைவீரர். ஓய்வு பெற்ற பின் பெர்த் நகரத்தின் அருகே ஒரு குன்றின் சரிவில் சிறு வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். இளம் பேட்ரிக் அத்தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டான். தந்தையின் கைப்பிடித்துக் குன்றின்மேல் ஏறினான். மேலிருந்து பார்த்தால் ஆறும், வயலும், ஊரும், ஊருக்குள் வரும் சாலைகளும் ஒரே காட்சியாகத் தெரியும். பின்னாளில் அவர் எழுதியவை அனைத்தும் அந்தக் குன்றின்மேல் தொடங்கியவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாணவராகிய நமக்கு வியப்பும் ஒருவகை ஆறுதலும் தரும் செய்தி ஒன்றுண்டு. கெடிஸ் எந்தப் பட்டமும் பெற்றவர் அல்லர். எடின்பரோப் பல்கலைக் கழகத்தில் தாவரவியல் பயிலச் சேர்ந்தார். ஒரே வாரத்தில் வெளியேறினார். உயிரற்ற செடிகளை அறுத்துப் பெயரிடும் பாடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு இலண்டனில் பேரறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். தேர்வுகளில் நாட்டம் கொள்ளவில்லை. (இதனைப் படித்துவிட்டு எவரும் அடுத்த மாதத் தேர்வைக் கைவிட வேண்டாம். அவருக்கு ஹக்ஸ்லி கிடைத்தார்.)

1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குச் சென்றார். அங்கே கண்கள் கெட்டன. நுண்ணோக்கியில் இனி நெடுநேரம் பார்க்க முடியாது என்ற நிலை வந்தது. உயிரியல் அறிஞனுக்கு இதைவிடப் பேரிடி ஏது? வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். அப்போது கையால் சன்னற் கண்ணாடிச் சட்டங்களைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டமும் ஒரு கருத்துக்கு இடமாயிற்று. கட்டங்களை அடுக்கி, ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள உறவை நினைக்கலானார். பார்வை திரும்பிய பிறகும் காகிதத்தை மடித்துக் கட்டமாக்கிச் சிந்திக்கும் பழக்கம் அவரை விடவில்லை. இடம், தொழில், மக்கள் என்பன அக்கட்டங்களில் அவர் எழுதிய தலையாய மூன்று சொற்கள். பிரெஞ்சு அறிஞர் லெ பிளே என்பவரிடமிருந்து இக்கருத்தைப் பெற்றுத் தமதாக்கிக்கொண்டார். இடம் தொழிலை உண்டாக்குகிறது. தொழில் மக்களை உண்டாக்குகிறது. மக்கள் திரும்பவும் இடத்தை மாற்றுகிறார்கள். எங்கள் வகுப்பில் நிலப்பயன், வேலைவாய்ப்பு, மக்கள்தொகை என்று அட்டவணை போடுகிறோமே, அதற்கு இதுவே பாட்டன் எனலாம்.

1886-இல் அன்னா மார்ட்டன் என்ற அம்மையாரை மணந்தார். மணமக்கள் குடியேறிய இடம் வியப்புக்குரியது. எடின்பரோவின் பழைய நகரத்தில், இடிந்தும் இருண்டும் கிடந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் சேரிக் கட்டடத்தில் வாழ வந்தார்கள். வெள்ளையடித்தார்கள், குப்பையை அகற்றினார்கள், சிறு வெளிகளில் செடி நட்டார்கள், அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டார்கள். சேரியை இடித்துத் தள்ளவில்லை. பாழான சுவரை மட்டும் எடுத்தார்கள்; நல்ல சுவரைப் பழுதுபார்த்தார்கள். மாணவர் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் விடுதியும் அப்பகுதியில் அவர் முயற்சியால் 1887-இல் தோன்றியது. நம் விடுதிச் சமையற்குழுவினர் அவருக்கு ஒரு வணக்கம் செலுத்தலாம்.

1892-இல் எடின்பரோக் கோட்டைக்கு அருகே ஓர் உயர்ந்த கட்டடத்தைத் தமதாக்கினார். நோக்குக் கோபுரம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். உச்சியில் ஓர் இருட்டறை. கண்ணாடியின் வழியாக வெளியுலகம் ஒரு வெள்ளை மேசையின்மேல் உயிரோடு விழும். தெருவில் செல்லும் மக்களும் வண்டிகளும் அம்மேசைமேல் ஊர்ந்து செல்வதைக் காணலாம். கீழே ஒரு மாடியில் எடின்பரோ, அதன்கீழ் ஸ்காட்லாந்து, பிறகு ஐரோப்பா, அடித்தளத்தில் உலகம். பார்வையாளர் முதலில் உச்சிக்கு ஏறித் தம் ஊரைக் கண்டுவிட்டுத்தான் உலகத்துக்கு இறங்கி வரவேண்டும். அந்த மேசையைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் ஆய்வுக்கூடத் திரை நினைவுக்கு வந்தது. அங்கும் சிறு புள்ளிகள் ஊர்கின்றன. ஆனால் கெடிசின் மேசையில் ஊர்ந்தவர் உண்மை மனிதர். எங்கள் திரையில் ஊர்பவர் நாங்கள் கற்பித்தவர். வேறுபாடு சிறிதன்று.

டண்டீ நகரக் கல்லூரியில் 1888 முதல் 1919 வரை தாவரவியல் பேராசிரியராக இருந்தார். கோடைப் பருவத்தில் மட்டும் பாடம்; மற்றை மாதங்களில் ஊர் ஊராகச் சுற்றல். இக்காலத்தில் அவர் நகரங்களையும் செடிகளைப் போலவே பார்க்கத் தொடங்கினார். வேர் எங்கே, நீர் எங்கிருந்து வருகிறது, எப்பக்கம் வளர்கிறது, எது வாடுகிறது? முதலில் ஆராய்ச்சி, பிறகே திட்டம் என்ற கொள்கையை ஓயாமல் வற்புறுத்தினார். 1913-இல் பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகரப் பொருட்காட்சியில் அவருடைய நகரக் காட்சிக்குத் தலைசிறந்த பரிசு கிடைத்தது. 1915-இல் நகரங்களின் பரிணாம வளர்ச்சியைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பல ஊர்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஊராகிவிடும் நிலைக்கு அந்நூலில் ஒரு புதிய பெயர் சூட்டினார். கூட்டு நகரம் என்று நாம் அதனைச் சொல்கிறோம்.

அவர் வரைந்த படங்களுள் எனக்கு மிகவும் விருப்பமானது ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டுப் படம். உச்சி மலையில் சுரங்கத் தொழிலாளி, அடுத்து மரம் வெட்டுவோன், வேட்டுவன், இடையன், உழவன், கடலோரத்தில் மீனவன். நிலம் இறங்க இறங்கத் தொழில் மாறுகிறது. தொழில் மாற ஊரின் உருவமும் மாறுகிறது. தமிழ் பயின்றவர் எவரும் இப்படத்தைக் கண்டவுடன் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவர். கெடிசும் நம் பழமையைப் பாராட்டத் தெரிந்தவரே. சி. பி. வேங்கடராம ஐயர் பண்டைத் தென்னாட்டு நகரமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1916-இல் வெளியிட்ட நூலுக்கு அவர் முன்னுரை வழங்கினார்.

இப்படத்தை நம் எல்லைப்புறத்தில் வைத்துப் பார்ப்போம். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், மூணாறு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காடு தேயிலைத் தோட்டமாயிற்று. தேயிலை கிள்ளக் கை வேண்டும். கைகள் கிழக்குச் சமவெளியிலிருந்து மலையேறின. தமிழர் குடியிருப்புகள் தோன்றின. கிள்ளிய தேயிலை கீழே இறங்க வழி வேண்டும். 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது. 1908-இல் அது சிற்றிருப்புப் பாதையாயிற்று. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடி வரை கம்பிவடம், பிறகு போடிநாயக்கனூர். நிலப்பயன் மாறியது, மக்கள்தொகை மாறியது, பயணம் மாறியது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றது. மீண்டும் அது போடப்படவில்லை. மேற்கே சாலை பெருகியது. 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. சரக்கின் முகம் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பிற்று. மனிதரின் முகம் மட்டும் அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. இன்றும் விடியற்காலையில் கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் நின்று பாருங்கள். ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். மாலையில் இறங்கும். இவர்கள் உறங்குவது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில். ஒரு மாவட்டத்தின் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பொய்யூர் கட்டுகிறவனுக்கு இந்த ஜீப்புகள் கண்ணுக்கே தெரியா.

வரலாற்றுக்குத் திரும்புவோம். கெடிசை இந்தியாவுக்கு அழைத்தவர் சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு. மகன் அலஸ்டேர் உடன் வந்தான். பொருட்காட்சி முடிந்ததும் மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். அவர் பணியாற்றிய முறை அக்காலத்து அதிகாரிகளுக்குப் புதியது. நகராட்சிகளில் வரைபடம் தயாராக இருக்கும். நெருக்கமான தெருக்களை ஊடுருவி நேர்ச்சாலைகள் கட்டம் கட்டமாக அதில் வரையப்பட்டிருக்கும். காற்றோட்டத்துக்கும் சுகாதாரத்துக்கும் என்பார்கள். கெடிஸ் அந்தப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடப்பார். ஒவ்வொரு சந்திலும் நுழைவார். எந்த வீடு பாழ், எந்த வீடு உறுதி, கிணறு எங்கே, வேப்பமரம் எங்கே, கோயில் எங்கே, குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார். மாலையில் வேறொரு படம் தயாராகும். அதில் பாழ்வீடுகள் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். அந்த இடங்கள் சிறு சதுக்கங்களாகிச் சந்துகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். செலவு மிகக் குறைவு. வீடிழப்போர் மிகச் சிலர். கத்தியை இலேசாக வைத்து, உடலைக் காக்கும் அறுவை மருத்துவம் போன்றது இது என்பது அவர் கருத்து.

குளங்களைக் கொசுவின் பேரால் தூர்க்க முனைந்தவர்களோடும் அவர் வாதாடினார். குளத்தைச் செப்பனிட்டு மீன் வளர்த்தால் போதும் என்றார். அவர் சொல்லைக் கேட்டிருந்தால் இன்று நம் நகரங்கள் பலவற்றில் மழைநீர் வீட்டுக்குள் வாராது.

நேர்ச்சாலைகளை அவர் எதிர்த்த காரணம்தான் என் நெஞ்சில் தைத்தது. ஒரு தெருவை இடித்தால் அங்கிருந்த மக்கள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அடுத்த தெருவுக்குள் நுழைகிறார்கள். அங்கே நெருக்கம் கூடுகிறது, வாடகை ஏறுகிறது, நோய் பெருகுகிறது. இயலாதவர் ஊருக்கு வெளியே போகிறார்கள். வேலைக்கு நெடுந்தொலைவு நடக்கிறார்கள். நெருக்கத்தைக் குறைக்கப் போட்ட சாலை நெருக்கத்தை இடம் மாற்றிவிடுகிறது. சாலை நிலத்தை மாற்றும், நிலம் மக்களை மாற்றும், மக்கள் மீண்டும் சாலையை நிரப்புவர் என்னும் இந்தச் சுழற்சியைத்தான் எங்கள் பாடநூல்கள் பெருமுயற்சியுடன் சமன்பாடுகளில் அடக்குகின்றன. கெடிஸ் அதனை நடந்து கண்டார்.

சமன்பாடுகளையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கெடிசுக்குத் தெரியாத கலை அது. அவர் காலத்திலேயே ராவன்ஸ்டைன் என்ற அறிஞர் 1885-இல் குடிபெயர்ச்சிக்கு விதிகள் கண்டார். பெரும்பாலோர் குறுந்தொலைவே பெயர்கின்றனர் என்று மக்கட்கணக்கைக் கொண்டு காட்டினார். 1931-இல் ரைலி என்பவர், இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள ஊர்மக்களை ஒவ்வொரு நகரமும் தன் பருமனுக்கேற்ப இழுக்கிறது, தொலைவு கூடினால் இழுப்புக் குறைகிறது என்று, ஏறக்குறைய நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போலவே சொன்னார். 1954-இல் மிட்செல், ராப்கின் என்னும் இருவர் நகரப் போக்குவரத்து நிலப்பயனின் விளைவு என்று நூலெழுதி நிறுவினர். 1955-இல் தொடங்கிய சிகாகோ நகர ஆராய்ச்சியில் கணிப்பொறி இவ்வேலைக்குப் புகுந்தது. எத்தனை பயணம் புறப்படும், எங்கே போகும், எதில் போகும், எவ்வழியே போகும் என்ற நான்கு கேள்விகள் அப்போது வகுக்கப்பட்டவை. இன்றும் நாங்கள் அவற்றை மனப்பாடம் செய்கிறோம். 1964-இல் லவ்ரி என்பவர் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அமைத்த மாதிரி இன்னும் நுட்பமானது. அதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒரு நூற்பாலை வருகிறது. ஆலைக்கு ஆட்கள் வருகிறார்கள். ஆட்களுக்கு வீடு, வீடுகளுக்கு மளிகைக்கடை, தேநீர்க்கடை, பள்ளிக்கூடம். கடைக்காரனுக்கும் ஆசிரியருக்கும் மீண்டும் வீடு. இந்தச் சுற்று அடங்கும்வரை கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது.

ஆனால் எண்களை நம்பி ஏமாறுவதற்கு எங்கள் பக்கத்துக் கோயம்புத்தூரே சான்று. 1901-இல் அந்நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 53,000. 1911-இல் 47,000. பத்தாண்டில் ஊர் சுருங்கிவிட்டது! பிளேக் நோய் ஆட்டிப்படைத்த காலம் அது. பிளேக் மாரியம்மனுக்கு அங்கே கோயில் இருப்பதை அறிவீர்கள். கெடிஸ் நம் மாகாணத்தில் நடந்துகொண்டிருந்த 1915-இல் ஒருவர் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக் கோடு நீட்டியிருந்தால், கோவை இன்னும் சில தலைமுறையில் காலியாகிவிடும் என்றிருப்பார். நடந்தது என்ன? ஆலைகள் பெருகின, பைக்காரா மின்சாரம் வந்தது, 1951-இல் மக்கள்தொகை ஏறக்குறைய 1,98,000. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அந்நகரம் ஒரு காந்தமாயிற்று. எங்கள் அப்பச்சி காலத்திலேயே ஆலை வேலைக்கு வேலந்தாவளம் வழியாக எல்லை கடந்தவர் உண்டு என்று அம்மிச்சி சொல்வார்.

கெடிசின் வாழ்வில் 1917 கொடிய ஆண்டு. ஏப்ரல் மாதம் மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் இறந்தான் என்ற செய்தி வந்தது. மனைவி அன்னா அப்போது இந்தியாவில் கடும் நோயுற்றுக் கிடந்தார். செய்தியைச் சொன்னால் அவர் உயிர் தாங்காது என்று கெடிஸ் அஞ்சினார். இறந்த மகன் முன்னே எழுதியிருந்த கடிதங்களை, அவன் உயிரோடிருப்பவன் போலவே படுக்கையருகில் அமர்ந்து படித்துக்காட்டி வந்தார். ஜூன் மாதம் அம்மையாரும் மறைந்தார். மகன் போன செய்தி தாய்க்குத் தெரியாமலே போயிற்று. இதை எழுதும்போது என் கை சிறிது தயங்குகிறது. அவர் செய்தது சரிதானா என்று விடுதியில் நண்பர்களோடு வாதாடினேன். முடிவு காணவில்லை.

அடுத்த ஆண்டு அவர் இந்தூரில் இருந்தார். அங்கேயும் பிளேக். மக்கள் அதிகாரிகளைக் கண்டால் ஒளிந்தார்கள். கெடிஸ் அறிக்கை எழுதுவதற்கு முன் ஒரு தீபாவளி ஊர்வலம் நடத்தினார். எந்தத் தெருக்கள் நன்றாகத் தூய்மை செய்யப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெருக்களின் வழியாகவே ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது! வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. அழுக்கு அரக்கனும் பிளேக் எலியும் பெரிய உருவங்களாக இழுத்துச் செல்லப்பட்டு இறுதியில் எரிக்கப்பட்டன. வழியை மாற்றி மக்களின் செயலை மாற்றிய இவ்வித்தையை எந்தச் சமன்பாட்டில் அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக இருந்தார். ஜகதீச சந்திர போசின் வாழ்க்கையை 1920-இல் நூலாக எழுதினார். 1925-இல் டெல் அவீவ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தார். அவர் குறைகளையும் சொல்லவேண்டும். எழுத்து கரடுமுரடானது. தொடங்கியவற்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவார். இந்தியாவில் அவர் எழுதிக் குவித்த அறிக்கைகளுள் பெரும்பகுதி அலமாரியில் உறங்கின. எத்தனை வண்டி, எத்தனை ஆள், எத்தனை நாழிகை என்று எண்ணிக் காட்டாததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் துணிபு. எண்ணைக் கேட்கும் அதிகாரியிடம் வேப்பமரத்தைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்போர்டு போன்ற மாணவர் வாய்த்ததால் அவர் கருத்து உலகில் பரவியது.

இறுதிக் காலத்தைத் தென்பிரான்சில் மான்பெலியர் நகரின் அருகே கழித்தார். ஒரு வறண்ட குன்றின்மேல் கல்லூரி கட்டி, தோட்டம் போட்டார். முன்னொருமுறை வேண்டாம் என்று மறுத்த சர் பட்டத்தை 1932-இல் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.

சென்ற மாதம் நான் மீண்டும் ஊருக்குச் சென்றேன். இம்முறை அளவுகோலைக் கொண்டு செல்லவில்லை. மூன்று நாள் விடியற்காலையில் வேலந்தாவளம் பேருந்து நிறுத்தத்தில் குறிப்பேட்டுடன் அமர்ந்தேன். காய்கறி மூட்டைகள் கிழக்கே போயின. கல்லூரிப் பிள்ளைகள் கிழக்கே போனார்கள். தாலுகா அலுவலகத்தில் வேலை உள்ளவர் மட்டும் சித்தூருக்கு மேற்கே ஏறினர். நான்காம் நாள் கோபாலபுரம் சாலையில் நின்றேன். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாட்டு வண்டிகளுக்குப் பதில் சரக்கு வண்டிகளில் மாடுகள் சென்றன. பிறகு அத்தையின் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். பாழ்வீடு இரண்டு உண்டு. அவற்றை எடுத்தால் பின்தெருவுக்கு ஒரு வழி பிறக்கும். பள்ளிப் பிள்ளைகள் இப்போதே அந்த இடிசுவரைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடம் திரும்பி, மாவட்ட எல்லையோடு முடிந்திருந்த என் பொய்யூரைக் கோவை, பொள்ளாச்சி வரை நீட்டிக் கட்டினேன். கணக்கு நெடுநேரம் ஓடியது. இந்தமுறை பயணங்கள் கிழக்கே சென்றன. மேற்குநோக்கிய நேர்ச்சாலைக்குத் தேவை எழவில்லை. வழிநடத்தும் ஆசிரியர் எல்லைக்கு அப்பாலுள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை குறிப்பேட்டை எடுத்துச் செல்லவேண்டும். அத்தைக்கு மட்டும் அன்றிரவே தொலைபேசியில் செய்தி சொல்லிவிட்டேன். படத்தைத் தபாலில் அனுப்பு, திண்ணையை நானே பார்க்கவேண்டும் என்கிறார்.